எதிர்ச் சுற்றில் வந்தவன்

முரளி,

போன வாரம் ஏரிக்கரையில் உன் அப்பன் ஒரு அரிசிப் பையைப் பறவை என்று சொல்லி அசிங்கப்பட்டான். அம்மா அதற்குக் கை கால் எல்லாம் வைத்து உன்னிடம் சொல்லியிருப்பாள். நடந்தது நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை, கழுத்தில் கேமராவும் தொலைநோக்கியுமாக நாலைந்து பேர் அயனம்பாக்கத்திலிருந்து நம் ஏரியைப் பார்க்க வந்திருந்தார்கள். புது ஆட்களைக் கண்டால் எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. இந்த ஏரியை வெட்டித் தண்ணீர் ஊற்றியதே நான்தான் என்கிற மாதிரி முன்னால் போய் நின்றேன். கோரைக்கு நடுவே வெள்ளையாக அசையாமல் இருந்த ஒன்றைக் காட்டி, அது கூழைக்கடா, அரை மணி நேரமாக மீனுக்குக் காத்திருக்கிறது, அதன் பொறுமையைப் பாருங்கள் என்று சின்னதாக ஒரு பிரசங்கமும் செய்தேன். எல்லோரும் மரியாதையாகத் தொலைநோக்கியைத் தூக்கினார்கள். பிறகு அதில் ஒரு பெண், சிரிப்பை உதட்டுக்குள்ளேயே மடக்கி வைத்துக்கொண்டு, "அங்கிள், அதோட வயித்துல இருபத்தஞ்சு கிலோன்னு எழுதியிருக்கு" என்றாள். என்னோடு நடக்க வந்த தாஸ் சும்மா இருப்பானா? அது பொன்னி அரிசியா சோனாவா என்பதையும் பார்த்துச் சொல்லச் சொல்லி அவர்களிடமே கேட்டான்.

அன்று சாயங்காலமே அம்மா என்னை ஆவடிக்குக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு கண்ணிலும் புரை. பயப்பட ஒன்றுமில்லை, உன் கல்யாணம் முடிந்ததும் ஒவ்வொரு கண்ணாகச் செய்துகொள்ளலாம் என்றார். ஆகவே டிக்கெட்டை மாற்றுகிறேன், லீவு போடுகிறேன் என்று நீ ஆரம்பிக்காதே. ஆனால் அவர் ஒரு கேள்வி கேட்டார். இது மாதக்கணக்கில் முற்றி வந்திருக்கிறதே, எதிரில் வருகிற ஆள் முகம்கூடத் தெரிந்திருக்காதே, எப்படிச் சமாளித்தீர்கள் என்றார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி செருப்புக்குள் விழுந்த சிறு கல் மாதிரி உறுத்திக்கொண்டே வந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். தை மாதம் உனக்குக் கல்யாணம். மறு வாரம் நீயும் நிவேதாவும் புனேக்கு ரயில் ஏறுகிறீர்கள். நாம் மூன்று மாதம் பேசாமல் இருந்ததையும், கடைசியில் நான்தான் இறங்கி வந்து அதை முடித்து வைத்தேன் என்பதையும் நீ எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அதில் ஒரு திருத்தம் இருக்கிறது. சொன்னால் நீ வருத்தப்படலாம். நமக்குள் ஒட்டியது மறுபடியும் விட்டுப்போகலாம். சொல்லாமல் உன்னை அனுப்பினால் எனக்குச் சோறு இறங்காது. நீயும் அம்மாவும் பத்திரிகை வைக்கக் குமணன்சாவடி பக்கம் போயிருக்கிறீர்கள். நான் மாடி ரூமில், ஜன்னல் திட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கிருந்து பார்த்தால் ஏரி தெரிகிறது. என் கண்ணுக்கு அது ஏரியாகக்கூட இல்லை. யாரோ பாலில் கொஞ்சம் பச்சை கலந்து தட்டில் ஊற்றி வைத்த மாதிரி இருக்கிறது. அதுவும் அழகாகத்தான் இருக்கிறது.

என்னைப் பற்றி உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்தவனுக்கு டிஃபென்ஸ் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை கிடைத்தது. கையில் கேஜ் என்று ஒரு இரும்புத் துண்டு கொடுத்தார்கள். அதற்கு இரண்டு முனை. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. அப்படி இருந்தால் பார்ட் பாஸ். இல்லையென்றால் ஒரு பொட்டு சிவப்புப் பெயிண்ட் வைத்து ஓரமாகத் தள்ளிவிட வேண்டியதுதான். அந்தப் பார்ட் பளபளவென்று எவ்வளவு அழகாக இருக்கிறது, அதைக் கடைந்தவன் எத்தனை பாடுபட்டான் என்பதெல்லாம் எனக்கு வேண்டாத கதை. முப்பது வருஷம் அதையே செய்தவனுக்கு வீட்டுக்கு வந்தாலும் கை அரிக்கும். அம்மாவின் சாம்பார், உன் தலைமுடி, பக்கத்து வீட்டுக்காரன் போட்ட காம்பவுண்டுச் சுவர், எல்லாவற்றுக்குள்ளும் கேஜை விட்டுப் பார்ப்பேன்.

ஆறாவது படிக்கும்போது நீ இந்த ஏரியை வரைந்துகொண்டு வந்தாய். ஞாபகம் இருக்கிறதா? அப்போது வேலியும் கிடையாது, நடைபாதையும் கிடையாது. ஒரு பக்கம் எருமை, ஒரு பக்கம் குப்பை. உன் படத்தில் அதெல்லாம் இல்லை. கோரை, தாமரை, வானம் கொள்ளாத பறவை, கரையோரம் ஏழெட்டு வாத்து. பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுத்திருந்தார்கள். நான் படத்தை வாங்கி, கண்ணாடியை இறக்கிப் பார்த்து, முதல் வார்த்தையாகச் சொன்னது என்ன தெரியுமா? வாத்துக்குக் கால் பின்பக்கம் மடங்கும், நீ மனுஷன் மாதிரி முன்பக்கம் மடக்கியிருக்கிறாய் என்று. நீ அழவில்லை. எதிர்த்தும் பேசவில்லை. மறுநாள் பார்த்தால் எல்லா வாத்தின் கால்களையும் அழித்துவிட்டு, அவற்றைத் தண்ணீரில் இறக்கி நீந்த விட்டிருந்தாய். தண்ணீருக்குக் கீழே இருக்கிற காலை உன் அப்பன் எந்தக் கேஜை வைத்து அளப்பான்? கெட்டிக்காரன் என்று அன்றைக்குச் சிரித்தேன். யோசித்துப் பார்த்தால், அன்றிலிருந்து நீ எனக்கு எதைக் காட்டினாலும் தண்ணீருக்கு மேலே தெரிகிற வரைக்கும்தான் காட்டினாய். புனே வேலையையும் அப்படித்தான் வைத்திருந்தாய். நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நீந்தக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

இந்த மாடி விஷயத்துக்கு வருகிறேன். நிவேதா வீட்டில் பேசி முடித்த மறு வாரமே நான் கொத்தனாரைக் கூப்பிட்டுவிட்டேன். வாடகைக்கு விடத்தான் என்று உன்னிடம் பொய் சொன்னேன். ஒரு ஹால், ஒரு ரூம், ஏரியைப் பார்த்த மாதிரி பெரிய ஜன்னல், பாத்ரூமுக்கு நீல டைல்ஸ். அந்த நீலம் கிடைக்க அம்பத்தூரில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஆடி முடிகிற சமயம், ஒரு ராத்திரிச் சாப்பாட்டில், ஆவணியில் பால் காய்ச்சிவிடலாம், கல்யாணமானதும் நீங்கள் மேலே இருந்துகொள்ளுங்கள் என்று பெரிய வள்ளல் மாதிரி சொன்னேன். நீ சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாய். அப்புறம்தான் புனே வந்தது. நிவேதாவுக்கும் அங்கேயே வேலை, இரண்டு மாதமாகத் தெரியும், எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்றாய். நான் என்ன செய்திருக்க வேண்டும்? மோர் ஊற்றிக்கொண்டு, சரி போய் வாருங்கள் என்றிருக்க வேண்டும். நான் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்குப் புத்தி வரும். "அப்ப இது உனுக்கு ஊடு இல்ல, லாட்ஜி. ரூமக் காலி பண்றவன் எப்ப வேணா காலி பண்ணு, என்னாண்ட சொல்லாத" என்றேன். நீ எழுந்து கை கழுவிவிட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "கட்றதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்த கேட்டியா நைனா?" என்றாய். சின்ன வயதில் பக்கத்து குவார்ட்டர்ஸ் பிள்ளைகளைப் பார்த்து நைனா என்று கூப்பிட ஆரம்பித்தவன் நீ. அன்றைக்குப் பிறகு மூன்று மாதம் அந்தச் சொல்லே என் காதில் விழவில்லை.

வீட்டுக்குள் பேசாமல் இருப்பது சுலபம். அதற்கென்று அம்மா இருந்தாள். "அவன்கிட்ட சொல்லு", "அவருகிட்ட கேளு" என்று நாம் இரண்டு பேரும் அவளை ஓட விட்டோம். நான் என்ன தபால்காரியா என்று அவள் நாலாம் நாளே வேலையை ராஜினாமா செய்துவிட்டாள். கஷ்டமாக இருந்தது ஏரிதான். நானும் நடக்க வேண்டும், நீயும் நடப்பாய், இருப்பது ஒரே பாதை. ஏரியை வலப்பக்கம் வைத்து, பிரகாரத்தைச் சுற்றுவதுபோல நடப்பதுதான் என் வழக்கம். எத்தனை வருஷமானாலும் மாற்றியதில்லை. முதல் நாள் கேட்டுக்குள் நுழைந்தால் நீ எனக்கு இருபதடி முன்னால் அதே பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறாய். உன் முதுகைப் பார்த்துக்கொண்டு ஒரு சுற்று நடப்பதா? ரோஷம் வந்துவிட்டது. சாமிக்குத்தம் வந்தாலும் பரவாயில்லை என்று திரும்பி, ஏரியை இடப்பக்கம் வைத்து எதிர்ச் சுற்றாக நடந்தேன். உன்னிடமிருந்து தப்பித்துவிட்டேன் என்று கையைக்கூட வீசி நடந்ததாக ஞாபகம். உபரித் தண்ணீர் வழிகிற கலங்கல் கிட்டே வந்தபோது எதிரே நீ. நான் குனிந்து ஷூ லேஸ் கட்டினேன். காலில் போட்டிருந்தது ரப்பர் செருப்பு.

நீ நன்றாகப் படித்தவன், உனக்கு அப்போதே புரிந்திருக்கும். எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அதுவும் தாஸ் சொல்லித்தான். தொழிற்சாலையில் ஒரே ஷாப்பில் என்னோடு இருபது வருஷம் இருந்தவன், என் மண்டையின் அளவு அவனுக்குத் தெரியும். அருகம்புல் ஜூஸ் விற்கிற வண்டியருகே நிறுத்தி, "அண்ணாத்தே, பையன் மொகத்துல முழிக்கக் கூடாதுன்னா அவன் போற பக்கமே பின்னாடி போவணும். நீ இன்னாடான்னா எதிர்ல வந்துகினு கீற. சுத்துக்கு ரெண்டு தபா பாத்துத்தான் ஆவணும். இதுல இன்ஸ்பெக்‌ஷன் வேற பாத்தியா நீ?" என்றான். கணக்கு எனக்கு உறைத்தது. பாதி வழியில் ஒரு முறை, கேட்டருகே ஒரு முறை. இரண்டு சுற்று நடந்தால் நாலு முறை. மறுநாளே திசையை மாற்றிக்கொண்டிருக்கலாம். மாற்றவில்லை. நீயும் மாற்றவில்லை. ஏன் என்று நான் உன்னைக் கேட்டதில்லை, நீயும் என்னைக் கேட்கவில்லை.

அந்த மூன்று மாதக் காலைகளைப் போல நான் ஏரியை என்றைக்கும் பார்த்ததில்லை. எதிர்ப்பக்கமாக நடந்தால் தெரிந்த ஏரியே வேறு ஏரி. சூரியன் தப்பான தோளில் ஏறுகிறது. முக்குளிப்பான் தண்ணீருக்குள் போய், நாம் மறந்த பிறகு, நினைக்காத இடத்தில் எழும்புகிறது. ஆகாயத்தாமரை மேல் நடக்கிற பறவைகள் தண்ணீரில் நடக்கிற மாதிரியே இருக்கும். தூரத்தில் தொழிற்சாலைச் சங்கு ஊதும். என் கால் தானாகவே வேகம் பிடிக்கும், பிறகு ரிட்டையர் ஆன ஞாபகம் வந்து தளரும். இதற்கெல்லாம் நடுவில் எங்கேயோ நீ வந்துகொண்டிருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். அது ஒரு சுகம்டா. மரப்பாலத்தில் பலகை தடதடத்தால் நீ. ஒரு நாள் கலங்கலில், ஒரு நாள் நாவல் மரத்தடியில், ஒரு நாள் பார்வைக் கோபுரத்து நிழலில், நாம் சந்திக்கிற இடம் கடிகார முள் மாதிரி நகர்ந்துகொண்டே இருந்தது. முன்பெல்லாம் பக்கத்தில் நடந்தோம். பக்கத்தில் நடந்தால் குரல்தான் வரும், முகம் வராது. எதிரில் வந்தபோதுதான் உன் நடையைப் பார்த்தேன். வலது தோளைக் கொஞ்சம் இறக்கி நடக்கிறாய், பள்ளிக்கூடப் பை தொங்கிய தோள். போனில் நிவேதாவிடம் பேசும்போது இடது கையால் காற்றில் ஏதோ வரைகிறாய். புரட்டாசி வந்தபோது உன் முகம் மங்கலாகிப் போய், நடையும் தோளும்தான் எனக்கு மிச்சம். ஏரியில் பனி ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டேன். அம்மா ஒரு நாள், "ஊட்ல பேச மாட்டீங்க, ஏரிக்குப் போயி ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டு வருவீங்க. இன்னா பொழப்புங்க இது?" என்றாள். நல்ல பொழப்பாகத்தான் இருந்தது.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலை. முந்தின நாள் நீ நண்பன் வீட்டில் தங்கிவிட்டாய், நாளைக்கு நடக்க வரமாட்டான் என்று அம்மா காற்றிடம் சொல்வதுபோல எனக்குச் சொல்லியிருந்தாள். ஆகவே அன்று ஏரியில் எனக்கு ஆளில்லை. கால் இழுக்க நடந்தேன். எல்லாம் வெள்ளை. தண்ணீர் எங்கே முடிந்து வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. மரப்பாலம் தாண்டிய திருப்பத்தில் எதிரே ஒருவன் நின்றிருந்தான். தலையை மூடிய மழைச்சட்டை. கையைப் பின்னால் நீட்டி, சைக்கிளில் வந்த இரண்டு பேரைத் தடுத்து நிறுத்தி வைத்திருந்தான். அப்புறம்தான் பாதையைப் பார்த்தேன். ஒரு கானாங்கோழி குறுக்கே கடந்துகொண்டிருந்தது. பின்னால் கறுப்பாக நாலைந்து பொட்டுகள் உருண்டன. எல்லாம் ஓரக்கல்லில் ஏறிக் கோரைக்குள் போய்விட்டன. கடைசி ஒன்றுக்கு மட்டும் கல் எட்டவில்லை. எம்பி எம்பி விழுந்தது. கையால் தொட்டால் தாய் மிரளும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவசரமே இல்லாமல் உட்கார்ந்து, ஒரு கால் செருப்பைக் கழற்றி, கல்லோடு சேர்த்துப் படி மாதிரி வைத்துவிட்டு, இரண்டடி தள்ளிப் போய் ஒற்றைக் காலில் நின்றான். குஞ்சு செருப்பில் ஏறிக் கல்லில் ஏறிப் போயிற்று. சைக்கிள்காரர்கள் சிரித்துக்கொண்டே கிளம்பினார்கள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினான். நான் நின்று, தொழிற்சாலையில் பெரிய ஆபீசர்களுக்கு வைப்பது மாதிரி நெற்றியில் கை வைத்து, "குட் மார்னிங் சார்" என்றேன்.

"இன்னா நைனா, பேசாம பேசாம கடசியில சார் ஆயிட்டனா?"

குரல் கேட்ட பிறகு நடந்தது உனக்கும் தெரியும். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன், என் சிரிப்பில் பாதி பயம். நீ உன் திசையை விட்டுத் திரும்பி என்னோடு நடந்தாய். சுற்று முழுவதும் நாம் பேசியது மாடி பற்றியும் டைல்ஸ் பற்றியும்தான். அதை வாடகைக்கு விட்டுவிடு, நாங்கள் வந்தால் கீழே உங்களோடு படுத்துக்கொள்கிறோம் என்றாய். லாட்ஜ் என்று சொன்னதற்கு நான் மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன், நீ தடுத்துவிட்டாய். "நீ மொதல்ல எறங்கி வந்துட்ட நைனா. எனக்கு அது போதும்" என்றாய். வீட்டில் அம்மாவிடம் சொன்னாய். நிவேதாவிடம் சொன்னாய். தாஸ் அதை ஏரி முழுக்கச் சொல்லி, ஒரு சலாம் வைத்துச் சண்டையை முடித்த மனுஷன் என்று எனக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்தான். நானும் மறுக்காமல் குடித்தேன். அந்த ஜூஸ் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் கடிதத்தில் அது இல்லாவிட்டால் கடிதம் முடிந்த மாதிரி இருக்காது. யாருக்காகவாவது மாடி கட்டுகிறாய் என்றால் முதல் செங்கல்லுக்கு முன்னால் அவர்களைக் கேள். நிவேதாவோடு சண்டை வராமல் இருக்காது. வந்தால் அவள் பின்னால் அதே திசையில் தள்ளித் தள்ளி நடக்காதே, அப்படி நடந்தால் வருஷக்கணக்கில் சந்திக்காமலே நடக்கலாம். எதிர்ப்பக்கமாக நட. ரோஷமும் மிச்சமாகும், சுற்றுக்கு இரண்டு முறை முகமும் கிடைக்கும். புனேயிலும் ஏதாவது ஒரு ஏரி இருக்கும். பிள்ளை பிறந்து படம் வரைந்துகொண்டு வந்தால், வாத்துக்குக் கால் எப்படி மடங்கினாலும் வாயை மூடிக்கொண்டு சுவரில் மாட்டு. கண்ணை அப்போதைக்கப்போது டாக்டரிடம் காட்டு.

இனி அந்தத் திருத்தம். அன்றைக்கு நான் இறங்கி வரவில்லை, முரளி. வேடிக்கையும் செய்யவில்லை. எனக்கு உன் முகம் தெரியவில்லை. நீ வரமாட்டாய் என்று நினைத்திருந்தேன், நண்பன் வீட்டிலிருந்து நேரே ஏரிக்கு வந்துவிட்டாய் என்பதும், அந்த மழைச்சட்டை நிவேதா முந்தின நாள் வாங்கிக் கொடுத்தது என்பதும் பிறகுதான் தெரியும், உட்கார்ந்தும் ஒற்றைக் காலில் நின்றும் இருந்தவனுக்கு நடை ஏது, மழைச்சட்டைக்குள் தோள் ஏது? நான் சலாம் வைத்தது முன்பின் தெரியாத ஒருவனுக்கு. கண் மங்கியதால், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, கையில் கேஜ் இல்லாமல் உன்னைப் பார்த்திருக்கிறேன். நீ குரல் கொடுப்பதற்கு முன்னால், அந்தச் செருப்பு கல்லோரம் கிடந்து நீ ஒற்றைக் காலில் நின்ற நேரத்தில், என் மனதில் ஒன்று ஓடியது. உன்னோடு அந்தச் சுற்றை நடந்தபோதும் அதைச் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. கொஞ்சம் பொறாமையோடுதான் நினைத்தேன்: இவனைப் பெற்றவன் யாரோ, கொடுத்து வைத்தவன்.